தறி ஓடும் வீட்டில் டெமோ பதிவு: போன் போதுமா, யுஎஸ்பி மைக்கா, இன்டர்ஃபேஸா?

ஒரே வாரத்தில் இரண்டு பேர் ஒரே கேள்வியோடு வந்தார்கள். ஒருவர் பல்லடம் பக்கம். வீட்டை ஒட்டியே எட்டுத் தறி ஓடுகிறது. முருகன் பாட்டுகளுக்கு மெட்டுப் போட்டு இசையமைப்பாளர்களுக்கு அனுப்புகிறவர். இன்னொருவர் கோபியில் (கோபிசெட்டிபாளையம்) கல்லூரியில் படிக்கும் பெண். கீபோர்டு வாசித்துக்கொண்டே பாடுவார். "ஏனுங்ணா, பத்தாயிரத்துக்குள்ள எந்த மைக் வாங்கட்டுங்?" என்றுதான் இருவரும் கேட்டார்கள். இருவர் மனத்திலும் இருந்தது ஒரே பொருள், வீடியோக்களில் எல்லோரும் முகத்துக்கு முன்னால் வைத்துப் பேசும் யுஎஸ்பி கண்டென்சர் மைக். லேப்டாப்பில் நேராகச் செருகலாம், மெல்லிய ஒலியையும் பிடிக்கும்.

கோபிக்கு அது சரி, வாங்கிக்கொள்ளம்மா என்றேன். பல்லடத்துக்கு வேண்டவே வேண்டாம் என்றேன். பட்ஜெட் ஒன்று, பாட்டும் ஏறக்குறைய ஒன்று, அப்புறம் ஏன் இரண்டு பதில் என்று பல்லடத்துக்காரர் கேட்டார். அவருக்குப் போனில் அரை மணி நேரம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டெமோ என்பது வெளியிடப்போகும் பாட்டு இல்லை. மெட்டு, சொல், தாளம், சுருதி எந்தக் கட்டை என்பது கேட்பவருக்குத் தெளிவாகப் போய்ச் சேர்ந்தால் வேலை முடிந்தது. பின்னால் லேசாக இரைச்சல் இருந்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சொல் புரியாமல் இருந்தால்தான் பத்தாவது விநாடியில் நிறுத்திவிடுவார்கள். இதை மறந்துவிட்டுக் கடைக்குப் போனால் ஐயாயிரத்துக்குத் திட்டமிட்டவர் முப்பதாயிரத்தோடு திரும்பி வருவார்.

## எதைப் பார்த்து முடிவு செய்வது

எல்லாவற்றுக்கும் முன்னால், வீட்டைச் சுற்றி என்ன சத்தம் என்று பாருங்கள். சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம், குமாரபாளையம் என்றால் தறி. தோட்டத்து வீடு என்றால் தறி இருக்காது, மயில் இருக்கும். விடியற்காலையில் அது அகவ ஆரம்பித்துவிட்டால் ஒரு டேக்கும் முழுதாகத் தேறாது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்துவிடும். உடுமலை, பொள்ளாச்சிப் பக்கம் ஜன்னல் இடுக்கெல்லாம் ஊளையிடும். மாரியம்மன் கோயிலில் கம்பம் நட்டுவிட்டாலோ பொங்கல் முடியும்வரை குழாய் ஸ்பீக்கர்தான். எந்தச் சத்தம், எத்தனை மணிக்கு என்று ஒரு நாள் உட்கார்ந்து குறித்துப் பாருங்கள். பாதி முடிவு அந்தத் தாளிலேயே வந்துவிடும்.

அடுத்தது, ஒரே நேரத்தில் எத்தனை ஒலி, அவை தனித்தனியாக வேண்டுமா என்பது. குரல் மட்டும் என்றால் ஒரு மைக் போதும். பாடிக்கொண்டே உடுக்கை அடிப்பவர், குரலை ஏற்றி உடுக்கையைக் குறைக்க வேண்டும் என்று பின்னால் நினைத்தால், இரண்டும் தனித்தனி டிராக்கில் இருந்தால்தான் முடியும்.

கையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். தனி மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டிதான் இன்டர்ஃபேஸ். லேப்டாப் இல்லாதவருக்கு அதன் விலை பத்தாயிரம் இல்லை, நாற்பதாயிரம். அதோடு பெட்டிக்குள் வராத சாமான்கள் வேறு: ஸ்டாண்டு, கேபிள், ஹெட்போன், கன்வெர்ட்டர்.

கடைசியாக ஒன்று, இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மெட்டு தோன்றியதிலிருந்து ரெக்கார்டு பொத்தானை அமுக்கும்வரை எத்தனை நிமிடம்? லேப்டாப்பைத் திறந்து, அப்டேட் முடியும்வரை காத்திருந்து, கேபிள் தேடி மாட்டி நிமிர்வதற்குள் என் சரணங்கள் எத்தனையோ காணாமல் போயிருக்கின்றன.

## போன் மட்டும்

செலவு பூஜ்யம். தோன்றியவுடன் பதியலாம். தனிக் குரலில் மெட்டு சொல்ல, நல்ல போன் ஒன்று தாராளமாகப் போதும்.

ஆனால் போனில் இருக்கும் வாய்ஸ் ரெக்கார்டர் பேச்சுக்காகச் செய்தது. மெதுவாகப் பாடினால் தானாக ஏற்றிவிடும், உச்சத்துக்குப் போனால் தானாக இறக்கிவிடும். பாட்டின் ஏற்ற இறக்கம் எல்லாம் தட்டையாகிப் போகும். அதைவிட மோசம், தொடர்ந்து ஒரே மாதிரி ஒலிக்கும் எதையும் அது இரைச்சல் என்று எடுத்துக்கொள்ளும். ஒருமுறை சுருதிப்பெட்டி வைத்து ஒரு பாட்டு முழுக்கப் பதிந்தேன். போட்டுக் கேட்டால் முதல் ஐந்து விநாடி சுருதி இருந்தது, அப்புறம் மெல்லத் தேய்ந்து காணாமலே போனது. நான் பாடும்போது மட்டும் எட்டிப் பார்த்தது. பெட்டியில் கோளாறு என்று இரண்டு நாள் அலைந்தேன். கோளாறு போனின் இரைச்சல் நீக்கியில்.

இதற்கு வழி, இரைச்சல் நீக்கத்தையும் தானியங்கி ஏற்ற இறக்கத்தையும் அணைக்க விடுகிற, ஒலியை நசுக்காமல் வேவ் கோப்பாகப் பதிகிற ஒரு செயலி. ஆண்ட்ராய்டு 7-லிருந்து மைக் ஒலியை எந்தத் திருத்தமும் இல்லாமல் அப்படியே எடுக்கும் வசதி இருக்கிறது. எல்லாப் போனும் அதைக் கொடுப்பதில்லை, அமைப்புகளில் தேடிப் பார்க்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிய பேண்ட்லேப் இலவசம். ஐபோன்காரர்களுக்குக் கராஜ்பேண்ட் இலவசம்.

போனை நான்காக மடித்த துண்டின்மேல், மைக் இருக்கும் அடிப்பக்கம் உங்களைப் பார்க்க, ஒரு சாண் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நேராக ஊதுகிற மாதிரிப் பாடாமல் கொஞ்சம் பக்கவாட்டில் பாடுங்கள். ப போன்ற எழுத்துகள் வெடிக்காது.

சட்டையில் குத்தும் வயர் மைக் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. வாங்குவதற்கு முன் போனைத் திருப்பிப் பாருங்கள். வட்ட ஜாக் இல்லாமல் சி டைப் மட்டும் இருந்தால் கன்வெர்ட்டர் வேண்டும். நூறு ரூபாய்க் கன்வெர்ட்டர்கள் பலவற்றில் உள்ளே சிப் இருக்காது, வெறும் கம்பிதான். அதில் பல போன்கள் மைக்கையே அடையாளம் காணாது. புளூடூத் ஹெட்செட்டில் பதிய நினைக்காதீர்கள். மைக்கைத் திறந்த உடனே அது பேச்சுத் தரத்துக்கு இறங்கிவிடும், தாளமும் பின்தங்கும்.

பம்பை, தப்பு, உடுக்கை பக்கத்தில் வைத்துப் பதிய போன் லாயக்கில்லை. உள்ளே இருக்கும் குட்டி மைக் கிழிந்துபோன மாதிரி ஒலிக்கும். ஏழெட்டு அடி தள்ளி, முடிந்தால் திறந்த வாசலில் வைத்தால் ஓரளவு தேறும்.

முடித்த பாட்டை வாட்ஸ்ஆப்பில் டாக்குமென்டாக அனுப்புங்கள். வாய்ஸ் மெசேஜாகப் பதிந்து அனுப்பினால் அது நன்றாக நசுக்கித்தான் அனுப்பும்.

## யுஎஸ்பி கண்டென்சர் மைக்

மூவாயிரத்திலிருந்து ஐயாயிரத்துக்குள் ஓரளவு நம்பகமானவை கிடைக்கின்றன. லேப்டாப்பில் ஒரே கேபிள், அவ்வளவுதான். ஹெட்போன் துளை மைக்கிலேயே இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். கணினிக்குள் போய்த் திரும்பாமல் உங்கள் குரல் நேராகக் காதுக்கு வரும், தாளம் பிசகாது.

கோபிப் பெண்ணுக்கு இதைச் சொன்னதற்குக் காரணம், அவர் வீடு வாய்க்கால் பக்கம் அமைதியான தெருவில், ஓட்டு வீடு. மெல்லிய குரல். கண்டென்சர் அந்த மூச்சையும் நெளிவையும் அழகாக எடுக்கும். கீபோர்டை மைக்கில் பிடிக்க வேண்டியதில்லை. புது கீபோர்டுகள் சிலவற்றில் யுஎஸ்பி வழியாகவே ஒலி கணினிக்குப் போகும். இல்லாவிட்டால் முதலில் அதன் ஹெட்போன் துளையிலிருந்து கம்பி போட்டுப் பதிந்துவிட்டு, அதைக் கேட்டுக்கொண்டே பாடலாம்.

இதன் மறைசெலவு பணமாக வராது. நாளைக்கு இரண்டாவது மைக் வேண்டும் என்றால் இதோடு சேராது. ஒரே கணினியில் இரண்டு யுஎஸ்பி மைக்கை ஒன்றாக ஓட்டுவது பெரிய தலைவலி. ஆடாசிட்டி போன்ற மென்பொருளில் ஒரு நேரத்தில் ஒரு கருவியைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். பெரிதாகப் போகும்போது இதை ஓரமாக வைத்துவிட்டு முதலிலிருந்து வாங்க வேண்டியதுதான்.

பல்லடத்துக்கு ஏன் வேண்டாம்? கண்டென்சர் "எல்லாச் சத்தத்தையும் இழுக்கும்" என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. ஒரு மைக் உங்கள் குரலையும் தறியையும் என்ன விகிதத்தில் எடுக்கிறது என்பது, நீங்கள் அதற்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தூரம் பாதியானால் உங்கள் குரல் 6 டெசிபல் கூடும். தறிச் சத்தமோ சுவர் வழியாகவும் தரை வழியாகவும் அறை முழுக்க நிரம்பியிருப்பது, அது அப்படியே இருக்கும். ஓரடித் தூரத்திலிருந்து இரண்டு அங்குலத்துக்கு வந்தால் சுமார் 15 டெசிபல் லாபம். கண்டென்சரில் இரண்டு அங்குலத்தில் பாடினால் ஒவ்வொரு மூச்சும் புயலாகும், அதனால் தள்ளித்தான் உட்கார வேண்டும். தள்ளி உட்கார்ந்தால் தறி உள்ளே வந்துவிடும். மேடையில் கையில் பிடித்துப் பாடும் டைனமிக் வகை மைக்கோ உதட்டோடு ஒட்டிப் பாடவே செய்தது.

## ஆயிரத்தைந்நூறு ரூபாய் செட்

மைக், மடங்கும் கை, வலை, கலர் கலராகப் பொத்தான் வைத்த சவுண்ட் கார்டு எல்லாம் சேர்த்து ஒரே பெட்டியில் வருமே, அது. கைதட்டல் சத்தம், சிரிப்புச் சத்தம்கூட அதில் வரும். நானும் ஒன்று வாங்கினேன். மைக்குக்குத் தேவையான 48 வோல்ட்டை அந்தக் கார்டு கொடுக்கவில்லை. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. ஏற்றினால் குரலை முந்திக்கொண்டு "ஸ்ஸ்ஸ்" ஏறியது. மடங்கும் கை மட்டும் நன்றாக இருந்தது, இன்றைக்கும் அதில்தான் வேறு மைக்கை மாட்டியிருக்கிறேன்.

## இரண்டு வாய் உள்ள டைனமிக் மைக்

ஒரே மைக்கில் யுஎஸ்பி வாயும், மேடை மைக்குகளில் இருக்கும் மூன்று முள் எக்ஸ்எல்ஆர் வாயும் இருக்கும். ஆடியோ டெக்னிகாவின் ஏடிஆர்2100எக்ஸ்-யுஎஸ்பி, சாம்சனின் கியூ2யு இரண்டும் இந்த வகை. இன்றைக்கு லேப்டாப்பில் நேராகச் செருகிப் பதியலாம். நாளைக்கு இன்டர்ஃபேஸ் வாங்கினால் அதிலும் செருகலாம், ஊர்க் கோயிலில் பாடக் கூப்பிட்டால் மைக்செட்டிலும் செருகலாம். டைனமிக் என்பதால் ஒட்டிப் பாடலாம்.

விலை யுஎஸ்பி கண்டென்சரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. கண்டென்சரின் மினுமினுப்பு இதில் இருக்காது. மெல்லிய குரல்காரர்களுக்கும் புல்லாங்குழலுக்கும் கொஞ்சம் மங்கலாகத் தோன்றும். ஆனால் தறி ஊரிலோ பேருந்து போகும் சாலையிலோ வீடு இருந்து, லேப்டாப்பும் இருந்தால், நான் முதலில் கைகாட்டுவது இதைத்தான். கடைக்காரர்கள் பெரும்பாலும் இதைக் காட்டுவதில்லை, பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

## இன்டர்ஃபேஸும் தனி மைக்கும்

இதில்தான் ஆசையும் செலவும் அதிகம். ஒரு மைக் செருகும் சாதாரண இன்டர்ஃபேஸ் நாலைந்தாயிரத்திலிருந்து ஆரம்பிக்கும். எல்லோரும் பேசும் ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ மாதிரியானவை பத்தாயிரத்துக்கு மேல். இரண்டு மைக் செருக வேண்டுமானால் இன்னும் மேலே. சோலோ என்ற பெயரைப் பார்த்தாலே தெரியும், மைக் துளை ஒன்றுதான். பக்கத்துத் துளை கிதாருக்கும் கீபோர்டுக்கும். உடுக்கையும் குரலும் தனித்தனியாக வேண்டும் என்பவர் இதை வாங்கிவிட்டு வந்து புலம்புவதைப் பார்த்திருக்கிறேன்.

மைக்குக்கு வருவோம். 1966-லிருந்து விற்கும் ஷூர் எஸ்எம்58 இன்றைக்கும் உழைக்கிறது, ஆனால் விலை பத்தாயிரத்தை ஒட்டி வருகிறது. கொங்கு நாட்டில் அதற்கு முன்னால் போய்ப் பார்க்க வேண்டிய ஆள் ஒருவர் இருக்கிறார், உங்கள் ஊர் மைக்செட்காரர். கோயில் பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் கட்டும் அவரிடம் அகுஜா கம்பெனி டைனமிக் மைக் நாலைந்து சும்மா கிடக்கும். ஒரு வாரம் இரவல் வாங்கிப் பாடிப் பாருங்கள். பிடித்திருந்தால் புதிதாகவே இரண்டாயிரத்தை ஒட்டிக் கிடைக்கும். தப்பும் பம்பையும் அதன் முன்னால் என்ன அடித்தாலும் அசராது. டெமோவுக்கு வேறென்ன வேண்டும்?

இதில் இரண்டு சிக்கல். ஒன்று, அந்த மைக்கோடு வரும் கேபிளின் மறுமுனையில் பெரும்பாலும் பெரிய ஜாக் இருக்கும், மைக்செட்காரர்கள் பி-38 என்பார்கள். அதை இன்டர்ஃபேஸின் கிதார்த் துளையில் செருகினால் சத்தம் சன்னமாக, இரைச்சலோடு வரும். "மைக் போச்சு" என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். இரண்டு முனையும் எக்ஸ்எல்ஆராக இருக்கும் கேபிள் ஒன்று வாங்கினால் சரியாகிவிடும். இரண்டாவது, டைனமிக் மைக்குக்கு அதிகமாகத் திருகி ஏற்ற வேண்டும். ஒரே அளவு சத்தத்துக்கு எஸ்எம்58 தருவது 1.85 மில்லிவோல்ட், கண்டென்சரான ஏடி2020 தருவது 14.1 மில்லிவோல்ட். வித்தியாசம் 17 டெசிபலுக்கு மேல். மலிவு இன்டர்ஃபேஸில் கடைசி வரை திருகினால் இரைச்சல் எட்டிப் பார்க்கும். மெல்லப் பாடுபவர் இரண்டு விரல் தூரத்துக்கு வந்துவிட வேண்டும். ஓங்கிப் பாடும் கும்மிப் பாட்டுக்காரர்களுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை.

மறைசெலவைக் கூட்டிப் பாருங்கள். ஸ்டாண்டு, கேபிள், காதை முழுதாக மூடும் வயர் ஹெட்போன் எல்லாம் சேர்த்து மூவாயிரம் நாலாயிரம் ஆகிவிடும். மென்பொருளுக்குக் காசு வேண்டாம், ஆடாசிட்டி இலவசம். ரீப்பரை 60 நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்கலாம், தனிநபர் உரிமம் 60 டாலர். விண்டோஸில் இன்டர்ஃபேஸ் கம்பெனி தரும் ஏசியோ டிரைவரை மறக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பாடியது காதுக்கு எதிரொலி மாதிரித் தாமதமாக வரும்.

இன்டர்ஃபேஸைப் போனில் மாட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். பலவும் ஓடும். ஆனால் தேவையான மின்சாரத்தைப் போன் கொடுக்க முடியாவிட்டால் இன்டர்ஃபேஸ் அணைந்து அணைந்து எரியும். தனியாகக் கரண்ட் எடுக்கும் ஹப் ஒன்று இடையில் போட வேண்டியிருக்கும்.

அப்புறம் அந்த "ம்ம்ம்" சத்தம். நம் வீடுகளில் எர்த் சரியாக இல்லாவிட்டால், சார்ஜர் போட்ட லேப்டாப்பில் பதியும்போது 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். கிதார்க் கம்பியைத் தொட்டால் விரலில் சுருக்கென்று இருக்கும். சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியில் பதியுங்கள், பெரும்பாலும் அதிலேயே போய்விடும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தையும் பார்த்துவிடுங்கள், அது பாட்டுக்காக மட்டும் செய்ய வேண்டிய வேலை இல்லை.

## கையடக்க ரெக்கார்டர்

ஜூம் எச்1 வகை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பலாம். எட்டாயிரம் பத்தாயிரம் ஆகும். லேப்டாப், கேபிள் எதுவும் வேண்டாம். 2024-ல் வந்த எச்1 எசென்ஷியல் 32 பிட் ஃப்ளோட்டில் பதிகிறது. சத்தம் எகிறிவிட்டாலும் மைக்கே திணறாதவரை பின்னால் குறைத்துக்கொள்ளலாம், முன்கூட்டியே அளவு திருக வேண்டியதில்லை.

வீட்டில் உட்கார்ந்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பதியும் டெமோவுக்கு இது வசதி இல்லை. ஆனால் வெளியே போய்ப் பதிபவருக்கு இதற்கு ஈடில்லை. ஒயிலாட்டக் குழு திடலில் பழகுவதை, உடுக்கையடித்து அண்ணன்மார் கதை பாடும் பெரியவரை, அமுச்சி என்கிற பாட்டியின் தாலாட்டை எல்லாம் அவர்கள் இடத்திலேயே போய் எடுக்கலாம். 1960-களில் மானுடவியல் ஆய்வாளர் பிரெண்டா பெக் காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி அண்ணன்மார் கதையை டேப்பில் பதிந்தார். அன்றைக்கு அதற்கு ஒரு பெட்டியே தூக்க வேண்டியிருந்தது. மைக்கை நீட்டினால் கூச்சப்படும் கிழவிகள் இந்தச் சின்னக் கருவியைக் கண்டுகொள்வதே இல்லை. "இதென்ன கண்ணு, மீசை மழிக்கற மிசினா?" என்று எங்கள் அமுச்சி கேட்டுவிட்டு அவர் பாட்டுக்குப் பாட ஆரம்பித்துவிட்டார்.

மறைசெலவு, காற்றைத் தடுக்க மைக்குக்கு மேலே போடும் மயிர்த்தொப்பி. நம் பக்கத்து ஆடிக் காற்றில் அது இல்லாமல் வெளியே எடுத்ததெல்லாம் குப்பை.

## மணிக்கணக்கில் ஸ்டூடியோ

ஒரு காலத்தில் சென்ட்ரல் ஸ்டூடியோ, பட்சிராஜா என்று சினிமாவே எடுத்த ஊர் கோயமுத்தூர். இன்றைக்கும் கோவை, ஈரோடு, சேலத்தில் மணிக்கு ஐந்நூறிலிருந்து ஆயிரம் வரை வாங்கிக்கொண்டு குரல் பதிந்து தரும் சின்ன அறைகள் இருக்கின்றன. வருடத்துக்கு இரண்டு பாட்டு மட்டும் போடுபவர் மேலே சொன்ன எதையும் வாங்க வேண்டாம். போனில் மெட்டைப் பதிந்து பழகிவிட்டு, ஒரு மணி நேரம் அங்கே போய்ப் பாடிவிட்டு வரட்டும். இரண்டு வருடம் ஆனாலும் ஒரு மைக் விலை வராது. மாதம் நாலு மெட்டு அனுப்புபவருக்கு இது கட்டாது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பாடினால் சங்கதி வராது என்பது வேறு.

## ஒரே பார்வையில்

விலையெல்லாம் உத்தேசம். கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும்.

| வழி | கருவி விலை | பெட்டியில் வராத செலவு | தறி, சாலைச் சத்தத்தில் | இரண்டு ஒலி தனித்தனியாக |
|---|---|---|---|---|
| போன் | 0 | குத்து மைக், சிப் உள்ள கன்வெர்ட்டர் | சுமார் | ஒன்றன்பின் ஒன்றாக மட்டும் |
| யுஎஸ்பி கண்டென்சர் | 3,000–5,000 | ஹெட்போன், லேப்டாப் | மோசம் | ஒன்றன்பின் ஒன்றாக மட்டும் |
| இருவாய் டைனமிக் | 7,000–10,000 | ஹெட்போன், லேப்டாப் | நன்று | இன்டர்ஃபேஸ் சேர்த்தால் முடியும் |
| இன்டர்ஃபேஸ் + டைனமிக் | 6,500-லிருந்து 20,000 வரை | கேபிள், ஸ்டாண்டு, ஹெட்போன், லேப்டாப் | நன்று | இரண்டு மைக் துளை இருந்தால் முடியும் |
| ரெக்கார்டர் | 8,000–10,000 | காற்றுத் தொப்பி, மெமரி கார்டு | சுமார் | முடியாது |
| ஸ்டூடியோ | மணிக்கு 500–1,000 | பஸ், காத்திருப்பு | பிரச்சினை இல்லை | முடியும் |

## மைக்குக்கு முன்னால் அறை

அறையைச் சரிசெய்யாமல் எதை வாங்கினாலும் வீண். இப்போது கட்டும் வீடுகள் டைல்ஸ் தரை, சிமென்ட் சுவர், மேலே கான்கிரீட். நடுவில் நின்று ஒரு கை தட்டிப் பாருங்கள். "டிங்" என்று வால் நீண்டால் அந்த வால் உங்கள் குரலிலும் ஒட்டிக்கொண்டு வரும். பதிந்தபின் அதை எடுப்பது பெரும்பாடு.

முட்டை அட்டை ஒட்டலாமா என்று கேட்காதவர் இல்லை. நாமக்கல் பக்கத்திலேயே இருப்பதால் அட்டைக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்த மெல்லிய காகிதக் கூழ் கீச்சுச் சத்தத்தில் கொஞ்சத்தை மட்டும் தின்னும். குரலின் கனமான பகுதியை அது தொடவே தொடாது, வெளிச்சத்தத்தை நிறுத்தவும் செய்யாது. தீப்பிடித்தால் சரசரவென்று எரியும் என்பதுதான் அதில் உறுதியான விஷயம். ஒரு அங்குல ஸ்பாஞ்சு ஒட்டுவதும் ஏறக்குறைய அதே கதைதான்.

நம்மிடம் அதைவிட நல்ல சரக்கு இருக்கிறது. பவானி ஜமக்காளம். வீட்டில் கல்யாணத்துக்கு வாங்கிய பெரிய ஜமக்காளம் ஒன்று நிச்சயம் மடித்துக் கிடக்கும். அதை இரண்டாக மடித்து, பாடுபவரின் முதுகுப் பக்கம், சுவரை ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி விட்டுக் கொடியில் தொங்கவிடுங்கள். மைக் பெரும்பாலும் முன்பக்கத்தைத்தான் கேட்கும். அதன் கண்ணுக்கு உங்களுக்குப் பின்னால் இருக்கும் சுவர்தான் தெரியும், அதனால் போர்வை முதலில் அங்கேதான் வேண்டும். பக்கத்தில் இலவம்பஞ்சு மெத்தை ஒன்றை நிமிர்த்தி வையுங்கள், துணி அடுக்கிய பீரோவைத் திறந்து வையுங்கள்.

கொஞ்சம் வேலை செய்யத் தயார் என்றால் திருப்பூர் பனியன் வேஸ்ட். கட்டிங் முடிந்து விழும் துண்டுத் துணி கிலோக் கணக்கில் கிடைக்கும். நாலடிக்கு இரண்டடி, நாலு அங்குல ஆழத்தில் மரச்சட்டம் அடித்து, வேஸ்ட்டைத் திணிக்காமல் நிரவி நிரப்பி, காடாத் துணி போர்த்தி ஆணி அடித்தால் ஒரு தட்டி. நான் நாலு செய்தேன். மரத்துக்கும் துணிக்கும் ஆனது ஒரு மலிவு மைக்கின் விலைகூட இல்லை. கை தட்டினால் இப்போது "டப்" என்று அங்கேயே விழுகிறது. சுவிட்ச், வயர் பக்கம் மட்டும் வைக்காதீர்கள், பஞ்சு பஞ்சுதான்.

இவை எதுவும் தறிச் சத்தத்தை நிறுத்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே எதிரொலியைத்தான் குறைக்கும். தறியின் அதிர்வு தரை வழியாக வருகிறது. மைக் ஸ்டாண்டின் காலுக்குக் கீழே மடித்த கோணிப்பையோ ரப்பர் மேட்டோ போட்டு, பதிந்த பிறகு மென்பொருளில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும் கனத்த ஒலியை வெட்டிவிட்டால் ஓரளவு அடங்கும்.

## பல்லடத்துக்காரர் என்ன வாங்கினார்

மைக்செட்காரரிடமிருந்து பழைய அகுஜா மைக் ஒன்று, நண்பர் விற்ற ஒரு துளை இன்டர்ஃபேஸ், புதிதாக ஒரு எக்ஸ்எல்ஆர் கேபிள், ஒரு ஹெட்போன். பத்தாயிரத்துக்குள் முடிந்தது. சுருதியை இன்னொரு போனில் ஓடவிட்டு ஹெட்போனில் மட்டும் கேட்டுக்கொள்ளச் சொன்னேன், இசையமைப்பாளர் கட்டையை மாற்ற நினைத்தால் குரல் மட்டும் தனியாக இருக்கும் என்று. கோப்பின் பெயரிலேயே கட்டையையும் வேகத்தையும் எழுதிவிடுவார், "திருப்புகழ் நடை, இரண்டு கட்டை, 90" என்கிற மாதிரி.

எவ்வளவு ஒட்டிப் பாடினாலும் எட்டுத் தறியும் ஓடும்போது பின்னால் ஒரு "சடக் சடக்" இருக்கத்தான் செய்தது. அதற்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை என்று பேப்பரில் போடுவார்கள் இல்லையா, காலை 9 மணியிலிருந்து என்று. அந்த நாளைக் காலண்டரில் குறித்துக்கொள்கிறார். முதல் நாள் ராத்திரியே லேப்டாப்பை முழுதாக சார்ஜ் ஏற்றி வைக்கிறார். இன்டர்ஃபேஸுக்கு லேப்டாப் பேட்டரியே போதும். ஒன்பது மணிக்கு அவர் தறியும் பக்கத்துத் தறியும் தெருவில் எல்லாத் தறியும் ஒன்றாக நின்றுவிடும். மின்விசிறி இல்லை, ஃபிரிட்ஜ் இல்லை, எர்த் ரீங்காரமும் இல்லை. வியர்க்க வியர்க்கப் பாட வேண்டியதுதான்.

போன தடவை மாலைக்குள் நாலு பாட்டு முடித்துவிட்டார். ஐந்தாவதில் கடைசி அடி பாடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் வந்து தறி புகுந்துவிட்டது. மறுபடி பாட இன்னும் ஒரு மாதம் ஆகும் என்று அதையும் அப்படியே அனுப்பினார். மெட்டு புரிகிறது, இரண்டாம் சரணத்தை மட்டும் கொஞ்சம் மாற்றித் தாருங்கள் என்று பதில் வந்தது.